கேட்காமல் வைத்த ஒத்தடம்

உயிர் பிழைத்து வந்தவள் கை வலிக்கிறது என்று சொல்லக் கூடாது. சொன்னால் கேட்கிறவர்களுக்குக் கோபம் வருகிறது. "கேன்சர்லேருந்தே எழுந்து வந்துட்ட, கை ஒரு பெரிய விஷயமா?" என்று என்னிடம் கேட்காதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எடுத்துக்கொள்ளச் சொன்னார் பக்கத்து வீட்டுக்காரர். நான் தலைப்பாகையை வைத்துப் பிழைத்தவள் இல்லை, கையை வைத்துப் பிழைத்தவள். அதை அவரிடம் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். மார்பில் ஆபரேஷன் ஆன பெண்கள் இதைப் படித்தால் நல்லது, அவர்கள் வீட்டில் இருப்பவர்கள் படித்தால் இன்னும் நல்லது.

நான் மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்தவள். பத்தாவது வரை படித்தேன், அந்தப் படிப்புக்கு அளத்தில் எந்த வேலையும் இல்லை. என் வீட்டுக்காரர் ஏழுமலை லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றுகிறவர். அவருடைய அக்கா தனம், புருஷன் போன பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். நான் அவளை அண்ணி என்று கூப்பிடுவேன். அவளும் நானும் ஜோடி. எங்கள் அளத்தில் பாத்தியை ஜோடிக்குத்தான் கொடுப்பார்கள். ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம் நின்று, நீளக் காம்பு வைத்த பலகையால் உப்பை வாரி வரப்பில் குவிக்க வேண்டும். ஒருத்தி படுத்தால் மற்றவளுக்கும் அன்று வேலை இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை வராமல் போனதற்கு அன்பு மட்டும் காரணம் இல்லை.

கடல் ஊருக்குள் வந்த அந்தக் கெட்ட டிசம்பருக்குப் பிறகு அளமெல்லாம் சேறு. வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். ஊருக்கு ஊர் மருத்துவ முகாம் போட்டார்கள். நான் இருமலுக்கு மருந்து வாங்கத்தான் போனேன். அங்கே இருந்தது பெண் டாக்டர் என்பதால், இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி இருப்பதையும் சொல்லி வைத்தேன். அந்த அம்மா தொட்டுப் பார்த்த பிறகு இருமலைப் பற்றிக் கேட்கவே இல்லை. பாண்டிச்சேரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பாண்டிச்சேரியில் அது பெரிய ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். காத்திருக்கும் கூடத்தில் பெஞ்சு நிறையப் பெண்கள். புதிதாக ஒருத்தி வந்து உட்கார்ந்தால் எல்லோருடைய கண்ணும் ஒருமுறை அவள் மாராப்புக்குப் போய்விட்டுத் திரும்பும். நானும் அப்படித்தான் பார்த்தேன். ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பயாப்சி என்று பெயர். முடிவு வந்த அன்று டாக்டர் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு என் வீட்டுக்காரரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கட்டி என்னவோ என் மார்பில்தான் இருந்தது. அவர் வெளியே வந்தார், நேராக வாசலுக்குப் போய் எனக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கி வந்தார். கல்யாணமான நாள் முதல் அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்ததில்லை. கிளாஸைக் கையில் வாங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆபரேஷனில் மார்பையும் எடுத்தார்கள், அக்குளில் இருந்த முடிச்சுகளையும் எடுத்தார்கள். முடிச்சை எடுத்தது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அது என்ன முடிச்சு என்று தெரியாது. பிறகு கீமோ. முடி கொட்டியது, வாய் புண்ணாகியது, தண்ணீர்கூட இரும்பு ருசியாக இருந்தது. அதற்குப் பிறகு ரேடியேஷன். எங்கள் பக்கம் அதைக் கரண்ட் வைக்கிறது என்பார்கள். உடம்பில் கரண்ட் எதுவும் பாயாது. பலகை போன்ற மேஜையில் அசையாமல் படுக்க வேண்டும், மெஷின் மேலே சுற்றும், எல்லோரும் வெளியே ஓடிவிடுவார்கள். நாள் போகப் போக அந்த இடத்துத் தோல் கறுத்து உரிந்தது. பயத்தைப் பற்றி நிறைய எழுதலாம். செலவைப் பற்றியும் எழுதலாம், படுக்கை இலவசம்தான், ஆனால் என் தோடு போன இடம் எல்லோருக்கும் தெரிந்த இடம்.

அத்தனை நாளும் அண்ணிதான் கூட இருந்தாள். கட்டிலுக்குக் கீழே சேலையை விரித்துப் படுப்பாள். வாய்ப்புண்ணுக்குக் கஞ்சியை ஆற வைத்து, உப்பில்லாமல், ஸ்பூனில் ஊட்டினாள். "உப்பளத்துக்காரிக்கு உப்பில்லாக் கஞ்சி, நம்ம தலையெழுத்தப் பாரு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நான் இவளுக்கு என்ன செய்தேன் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பிய அன்று பெரிய டாக்டர் ரவுண்ட்ஸில் வந்தார். பின்னால் ஒரு கும்பல் மாணவர்கள். கட்டில் கட்டிலாக நகர்ந்துகொண்டே என்னைப் பார்த்து, "கையப் பாத்துக்கம்மா, வெயிட் தூக்காத" என்றார். அவ்வளவுதான். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பஸ்ஸில் வரும்போது அண்ணி கேட்டாள். "கையப் பாத்துக்கன்னா, கையில என்ன பாக்கணும்?"

"தெரியல அண்ணி."

"ஆபரேஷன் மாருலதான செஞ்சாங்க? கை எதுக்கு?"

அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் யாரைக் கேட்பது? அந்தக் கும்பலை நிறுத்திக் கேள்வி கேட்கிற தைரியம் எங்கள் மாதிரி ஆட்களுக்கு வராது என்று அவர்களுக்கும் தெரியும்.

அடுத்த உப்பு சீசனில் நான் அளத்துக்குத் திரும்பினேன். டாக்டர் சொன்னது எங்களுக்கு வேதவாக்கு. வெயிட் தூக்கக் கூடாது என்றாரே, குவித்த உப்பைச் சுமக்கிற கூடையை நான் தொடவே இல்லை. அண்ணி என் கூடையையும் சேர்த்துச் சுமந்தாள். நான் பலகையால் வாருவது மட்டும்தான். ஒருநாள் பலகைக் காம்பில் பெயர்ந்து நின்ற ஆணி என் இடது முழங்கைக்குக் கீழே நீளமாகக் கீறிவிட்டது. பெரிய காயம் இல்லை. ரத்தம்கூட அதிகம் வரவில்லை.

அளத்துக்காரர்களுக்குக் காயம் பட்டால் செய்வது ஒன்றுதான். அப்படியே பாத்தித் தண்ணீரில் முக்குவோம். சுரீர் என்று எரியும், பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும், முடிந்தது. உப்பில் பட்ட காயம் சீழ் பிடிக்காது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மீன் கெடாமல் இருக்க உப்பு, மாங்காய் கெடாமல் இருக்க உப்பு, மனுஷன் சதை மட்டும் கெட்டுவிடுமா? நானும் கையை முக்கினேன். மீதிப் பாத்தியையும் வாரி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் சாயந்தரம் கண்ணாடி வளையல் கையில் சுற்றவில்லை. சோப்புப் போட்டுக் கழற்றினேன். அதற்கு அடுத்த நாள் புறங்கை பன் மாதிரி உப்பியிருந்தது, உடம்பு கொதித்தது. அண்ணி கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போனாள். வாணலியில் கல்லுப்பு வறுபடும் சத்தம் கேட்டது. வீக்கம் என்றால் எங்கள் வீட்டில் உப்பு ஒத்தடம்தான். சுளுக்குக்கும் அதுதான், மூட்டு வலிக்கும் அதுதான். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லாத ஒரே மருந்து.

பழைய வேட்டித் துணியில் பொட்டலமாகக் கட்டி, முதலில் தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டு, பிறகுதான் என் கையில் வைத்தாள்.

"தாங்குதா மல்லிகா?"

"தாங்குது அண்ணி."

உண்மையைச் சொல்ல வேண்டும். இதமாக இருந்தது. சூடு ஆற ஆற மறுபடி வறுத்து வந்து வைத்தாள். நான் அப்படியே தூங்கிப் போனேன்.

விடிந்தபோது மணிக்கட்டிலிருந்து அக்குள்வரை கை செங்கல் நிறத்தில் இருந்தது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. விரல் மடங்கவில்லை. காய்ச்சலில் பல் கிட்டியது. என் வீட்டுக்காரர் யாரிடமோ சொல்லி ஒரு வேனைப் பிடித்தார். மறுபடியும் பாண்டிச்சேரி.

அதே பெரிய டாக்டர். கையைப் பார்த்தார். "என்ன போட்ட இதுல?"

நான் வாயைத் திறக்கும் முன்பே அண்ணி சொல்லிவிட்டாள். "உப்பு ஒத்தடம் குடுத்தேங்க சார். வீங்கியிருந்துதுன்னு."

வார்டே திரும்பிப் பார்க்கும்படி அவர் சத்தம் போட்டார். "அறிவிருக்கா உனக்கு? ஆபரேஷன் செஞ்ச பக்கத்துக் கையில சூடு வைப்பாங்களா? வைக்கிறதுக்கு முன்னாடி டாக்டர ஒரு வார்த்தை கேக்கணும்னு தெரியாது? கேட்டா வாய் வலிக்குமா?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். கையில் டிபன் கேரியரும் தண்ணீர்ப் பாட்டிலும். சொந்தத் தம்பியின் முன்னால், முன்பின் தெரியாத நாற்பது பேர் முன்னால். எனக்குக் காய்ச்சலை மீறிக் கோபம் வந்தது.

"நீங்க சொன்னீங்களா சார்?" என்றேன். "வெயிட் தூக்காதன்னீங்க, தூக்கல. கையில காயம் படக் கூடாதுன்னு சொன்னீங்களா? சூடு வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்களா?"

அவருக்கு இது பழக்கமில்லை போலிருக்கிறது. "எல்லாத்தையும் ஒவ்வொருத்தருக்கும் சொல்லிட்டிருக்க முடியுமாம்மா? உயிர் பொழச்சிருக்கற, அத நெனச்சிக்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். குதிரை கீழே தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்த கதை.

எனக்கு விளக்கிச் சொன்னது பிசியோதெரபி மேடம்தான். ரத்தக் குழாய் போலவே உடம்பு முழுக்க இன்னொரு வகை மெல்லிய குழாய்கள் இருக்கின்றனவாம். சதைக்குள் கசிகிற நீரை வாரிக்கொண்டு போய் மறுபடி ரத்தத்தில் சேர்ப்பது அவற்றின் வேலை. அந்த நீருக்கு நிணநீர் என்று பெயர். கையிலிருந்து வருகிற குழாய்கள் அக்குளில் இருக்கும் முடிச்சுகள் வழியாகப் போகின்றன. கிருமி வந்தால் அங்கேதான் மறிக்கப்படும். கேன்சரும் அந்த வழியாகப் பரவலாம் என்பதால் முடிச்சுகளை எடுத்துவிடுகிறார்கள். அதற்கு மேல் ரேடியேஷன் வேறு. மிச்சம் இருப்பது ஒன்றிரண்டு வழிகள்தான்.

அளத்துக்காரிக்கு இதற்குப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. பாத்தியின் வாய்க்காலை அடைத்துவிட்டோம், தண்ணீர் இருக்கிற சின்ன வழியில் மெள்ள வடிகிறது. அந்த நேரத்தில் மேலிருந்து மடையைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? கிருமி நுழைந்த காயமும், அதன்மேல் வைத்த சூடும் செய்தது அதைத்தான். சூடு வைத்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாக ஓடி வரும், கசிவும் கூடும், வடிய வழி இல்லை. இதைச் சொல்ல அந்த மேடத்துக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனது. அந்த நேரத்தை ஆபரேஷன் முடிந்த கையோடு எனக்கு யாரும் தரவில்லை.

"இது ஆரம்பம்தாம்மா" என்றார் மேடம். "இப்பவே வடிய வச்சிட்டா வடிஞ்சிடும். விட்டுட்டா சதை கெட்டியாயிடும். அப்புறம் கொஞ்சம் கொறைக்கலாமே தவிர, போகாது."

விட்டுவிட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குக் கற்பனை தேவைப்படவில்லை. எதிர்க் கட்டிலில் திண்டிவனம் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். அவருடைய வலது கை தொடை கனத்துக்கு இருந்தது. ஜாக்கெட் கையைக் கிழித்துவிட்டுப் போட்டிருந்தார். எழுந்து நடக்கும்போது அந்தக் கையை இன்னொரு கையால் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு நடப்பார். "எனக்கும் மொதல்ல மோதிரம்தான் இறுகிச்சு. அம்மியில நசுக்கிக்கிட்டேன், நகச்சுத்துன்னு விட்டுட்டேன்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம்கூட இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

கிருமியைக் கொல்ல வலது கையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். இடது கையைத் தலையணை மேல், நெஞ்சை விட உயரமாக வைத்திருக்கச் சொன்னார்கள். காய்ச்சலும் சிவப்பும் இறங்கிய பிறகு மேடம் வேலையைத் தொடங்கினார். தோலை மட்டும் மெல்ல நகர்த்துகிற மாதிரி ஒரு தடவல், எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவுவது இல்லை. எங்கள் ஊர் உருவல் இந்தக் கைக்கு ஆகாது. அதற்குப் பிறகு விரலிலிருந்து தோள்வரை அடுக்கடுக்காகத் துணிக்கட்டு, கீழே இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. கட்டோடு கையை மடக்கி நீட்ட வேண்டும், விரலை மூடித் திறக்க வேண்டும். கையை ஆட்டாமல் தூளி கட்டித் தொங்கவிடுவதும் தப்புதானாம்.

என்னென்ன கூடாது என்று மேடம் சொன்னதை நான் எழுதிக்கொள்ளவில்லை. அண்ணி மனப்பாடம் செய்துவிட்டாள். இந்தக் கையில் ஊசி கூடாது, பிரஷர் பார்க்கிற பட்டை கூடாது, இறுக்கமான வளையலும் ஜாக்கெட்டும் கூடாது, சுடுதண்ணீர் கூடாது. கீறல் பட்டால் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி மருந்து போட வேண்டும், பாத்தித் தண்ணீர் ஆகாது, அதில் சேறும் பறவை எச்சமும் இருக்கின்றன. சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே வந்துவிட வேண்டும். அன்று முதல் அண்ணி என் கட்டிலின் இடது பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். பிரஷர் பட்டையோடு நர்ஸ் வந்தால், "அந்தப் பக்கம் வாங்கம்மா" என்பாள். ரத்தம் எடுக்க ஊசியோடு வந்த மாணவனிடம், "இந்தக் கை கெடையாது சார்" என்றாள். "எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாதம்மா" என்று அவன் சொன்னான். இவள் நகரவில்லை. அவன்தான் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனான்.

வீக்கம் இறங்கியது. முழுசாக இல்லை, வலது கையை விட ஒரு சுற்று பருமனாக நின்றுவிட்டது. இவ்வளவு சீக்கிரம் வந்ததால் தப்பித்தாய் என்றார் மேடம். கைக்குப் போட இறுக்கமான உறை ஒன்றை எழுதிக் கொடுத்தார். பகலெல்லாம் போட வேண்டும். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு எங்கள் ஊரில் நடந்து பார்த்தால் தெரியும்.

கையைக் காப்பாற்றிக்கொண்டு அளத்துக்குப் போனேன். மேஸ்திரி உறையைப் பார்த்தார். "இதப் போட்டுக்கிட்டு உப்புத் தண்ணியில எறங்குவியா? திரும்ப ஏதாவது ஆச்சின்னா எம் மேல வரும். நீ வேணாம்மா. அக்கா வேற ஜோடி பாத்துக்கட்டும்."

அண்ணி வேறு ஜோடி பார்க்கவில்லை. "ரெண்டு பக்கமும் நானே வாரிடறேன்" என்றாள். மேஸ்திரிக்கு என்ன நஷ்டம், சரி என்றார். ஒரு பக்கம் நின்று வாருவாள், பலகையைத் தூக்கிக்கொண்டு வரப்பைச் சுற்றி ஓடுவாள், அந்தப் பக்கம் நின்று வாருவாள். எனக்குப் பாக்கெட் உப்பு கட்டுகிற ஷெட்டில் உட்கார்ந்த வேலை கிடைத்தது, அளத்தில் கிடைத்ததில் பாதிதான் கூலி. பத்து மாதச் சம்பாத்தியமும் ஒரு மார்பும் போய், கையை மீட்டு வந்தேன், அந்தக் கைக்கு வேலை இல்லை என்றார்கள். உயிர் பிழைத்தாயே என்று யாராவது வந்தால் வரட்டும், பதில் வைத்திருக்கிறேன்.

அந்த சீசன் முடிவதற்குள் அண்ணியின் வலது முழங்கால் வீங்கிவிட்டது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் வாணலியை அடுப்பில் வைத்து உப்பை அள்ளிப் போட்டேன். சத்தம் கேட்டு எழுந்து வந்து அடுப்பை அணைத்துவிட்டாள்.

"டாக்டரக் கேட்டியா?"

"அண்ணி, இது முட்டி. ஓடி ஓடி வந்த வலி. இதுக்குக் காலங்காலமா வைக்கிறதுதான."

"அன்னிக்கும் அப்படி நெனச்சித்தான் வச்சேன். கேக்காம இந்த வீட்டுல வேணாம்."

பிறந்ததிலிருந்து உப்பிலேயே கிடந்தவள். அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தை அந்த ஆள் ஒரே சத்தத்தில் பிடுங்கிக்கொண்டுவிட்டார். வலியோடு பலகையைத் தூக்கிக்கொண்டு போனாளே தவிர, பொட்டலத்தைத் தொடவிடவில்லை.

எனக்கு அடுத்த செக்கப் வந்தது. பெரிய டாக்டர் என் மார்பைப் பார்த்தார், கையைப் பார்த்தார், நல்லா இருக்கு என்றார். நான் எழுந்து போகாமல் நின்றேன். "சார், எங்க நாத்தனாருக்கு முட்டி வலி. உப்பு ஒத்தடம் வைக்கலாமான்னு கேட்டுக்கிட்டு வரச் சொன்னாங்க."

அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்த மாணவர்களைப் பார்த்தும் சிரித்தார். "முட்டி வலிக்குத் தாராளமா வை. இதையெல்லாமா பஸ் ஏறி வந்து டாக்டரக் கேப்பாங்க?"

அவருக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்தபோது அண்ணி வாசலிலேயே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன் அண்ணி. வைக்கலாம்னாரு."

"சிரிச்சாரா?"

"இல்ல" என்றேன். "நல்லா யோசிச்சித்தான் சொன்னாரு."

அண்ணி சுவரைப் பிடித்து எழுந்தாள். அடுப்படிக்குப் போய் வாணலியை எடுத்து வைத்தாள். "நீ தள்ளி நில்லு. கையில சூடு படப்போகுது" என்றாள்.